தஸ்லிமாவின் ஏரி

திருத்தங்கலில் அச்சகங்கள் நெருங்கிய தெருவொன்றின் மாடியறையிலிருந்து தஸ்லிமா தினமும் அண்டார்டிகாவுக்குள் நுழைந்துவிடுவாள். பனிக்கண்டத்தின் மேல் பறக்கும் விமானம் ரேடார் அலையைக் கீழே அனுப்பும். மோதித் திரும்பும் எதிரொலிகள் அவள் கணினித் திரையில் சாம்பல் கோடுகளாக விரியும். ஒவ்வொரு கோடும் என்றோ பெய்த பனி. அவற்றைப் பின்தொடர்ந்து வரைவதுதான் வேலை. வரைய வரைய நாற்காலி மறந்துபோகும். சோழர் காலத்துப் பனியைத் தாண்டி, மனிதர் பேச்சே இல்லாத காலத்துப் பனிக்குள் மிதந்துகொண்டிருப்பாள்.

அப்படி மிதந்த ஒரு நாளில்தான் அந்த ஏரி அகப்பட்டது. நெடுக, பளிச்சென்று ஒரு கோடு. தண்ணீரில் பட்டால் எதிரொலி அப்படித் பளிச்சிடும். பனிக்கடியில், வெளிச்சமே கண்டிராத தண்ணீர். நான்கு நாட்களாகச் சோறு பிசையும்போதும் அவள் அதன் கரையில்தான் இருந்தாள். இன்று நான்கு மணிக்கு, அவள் வேலை பார்க்கும் ஆய்வு நிலையத்தின் இணையவழிக் கூட்டத்தில் அதைக் காட்ட வேண்டும். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. ஏரி உண்டென்றால் வேலையும் உண்டு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். இவ்வளவு படித்து என்ன என்று கேட்கத் தெருவில் ஆள் இருந்தது. அவர்களைவிட அதிகமாக அவளே கேட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்குப் பார்த்தால், அச்செடுத்து வைத்திருந்த ஏரிப் படத்தைக் காணோம்.

கீழே அம்மா உம்மு சல்மா காலண்டர் தாள்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். சீசனில் அச்சகத்திலிருந்து கட்டுக் கட்டாக வீட்டுக்கே வரும். நல்லது வலப்பக்கம், பழுது இடப்பக்கம். பழுதுக் கட்டின் மேல் அண்டார்டிகா கிடந்தது.

"இதை ஏம்மா வேஸ்ட்டுல போட்ட?"

"உன் படமா அது? ஒரே கோடு ரெண்டு தடவ விளுந்து டபுள் அடிச்சிருக்குன்னு கழிச்சுட்டேன் புள்ள. கை தன்னால போட்டுருச்சு."

"டபுளும் இல்ல, ஒண்ணும் இல்ல. கீழ இருக்கது ஏரி."

"ஏரியோ கம்மாயோ, மேல உள்ள கோடுதான் கீளயும் விளுந்திருக்கு. எந்த மெசின்ல ஓட்டுனாக?"

"வானத்துல ஓட்டுனாக!" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுப் படத்தோடு மாடியேறினாள்.

ஆனால் கண் அந்தப் படத்தை விடவில்லை. பனியின் மேற்பரப்பு மெல்ல மேடேறிய இடத்தில் ஏரியும் மேடேறியிருந்தது, இரண்டு மடங்காக. பனியில் பட்டுத் திரும்பிய அலை விமானத்தின் வயிற்றில் மோதி, மறுபடி கீழிறங்கி வந்திருக்கிறது. மேற்பரப்பே இரண்டாம் முறை பதிந்திருக்கிறது. வகுப்பில் படித்ததுதான். தெரியாமலா இருந்தோம், இல்லை பார்க்க மனமில்லாமலா?

சொல்லாமல் விட்டால்? யாரும் கவனிக்காமலும் போகலாம். மூன்றே முக்கால் வரை அந்த இல்லாத ஏரியின் கரையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு மேலதிகாரி லட்சுமிகாந்தத்தை அழைத்தாள்.

"சார், அது ஏரி இல்ல. மேற்பரப்போட எதிரொலி. நான்தான் கவனிக்கல."

"அப்ப இன்னைக்குக் காட்ட ஒண்ணுமில்ல. உங்க நீட்டிப்பைப் பத்தி என்னால இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

டீத் தம்ளரோடு அம்மா மேலே வந்தாள். பேச்சு படியிலேயே காதில் விழுந்திருக்க வேண்டும். "என்ன, ஏரி போச்சா?"

"போச்சு."

"அப்ப அங்கன கீள என்னதான் இருக்கு?"

"தெரியல."

"மாசம் முடிய இன்னும் பதினோரு நாளு கெடக்குல்ல. பாத்துச் சொல்லு."

தஸ்லிமா திரையில் அந்தப் பொய்க்கோட்டை அழித்தாள். அதற்குக் கீழே, இத்தனை நாளும் அவள் பாராமல் தாண்டிய இடத்தில், மூச்சுப் பட்ட கண்ணாடிபோல வேறொரு எதிரொலி சாம்பலாகப் படர்ந்திருந்தது. அதைப் பெரிதாக்கினாள். அம்மா தம்ளரை நீட்டியபடியே நின்றாள்.