பௌர்ணமிக்கு லீவு இல்லாத ஊர்

இங்கே பௌர்ணமி யாருக்கும் தெரியாமல் வந்துவிட்டுப் போகிறது. கோயிலுக்குப் போகிறவர்களுக்கும், திருவண்ணாமலைக்குப் பஸ் ஏறுகிறவர்களுக்கும் தெரியும். மற்றபடி அன்றைக்கும் தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் மின்சார ரயில் நிற்கும். பெண்கள் கும்பலாக இறங்கி, ஏற்றுமதி வளாகத்தின் கேட்டில் கைப்பையைத் திறந்து காட்டிவிட்டு உள்ளே போவார்கள். நான் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் தாண்டிவிட்டது. இப்போதும் காலண்டரில் அந்த வட்டத்தைப் பார்த்தால், இன்றைக்கு நான் ஏன் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன் என்று ஒரு நிமிடம் தோன்றும். இலங்கையில் பௌர்ணமி அரசாங்க விடுமுறை. போயா என்பார்கள். கடை இருக்காது, ஆபீஸ் இருக்காது, ஃபாக்டரியும் மூடியிருக்கும். அங்கே இருக்கிறவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. இங்கே உள்ளவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் இந்தச் சட்டைக் கம்பெனியில் சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு பௌர்ணமி வந்தது. லீவு உண்டா என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கம் இல்லாதவள் நான். அதோடு, இது கேட்க வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை லீவா என்று யாராவது கேட்பார்களா? எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், துணி துவைத்தேன், மத்தியானம் நன்றாகத் தூங்கினேன். மறுநாள் சூப்பர்வைசர் என் மிஷின் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து ஏம்மா வரல?"

"நேத்து பௌர்ணமிங்களே சார்."

"விரதமா?"

"இல்லீங்க சார், லீவு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகு வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி, "இந்தம்மா பௌர்ணமிக்கு லீவுன்னு வூட்ல குந்திகினு இருந்துச்சாம். அமாவாசை, கிருத்திகை எல்லாத்தியும் சேத்து எழுதிக் குடும்மா, மேனேஜர் கையில கையெழுத்து வாங்கித் தரேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து மிஷினில் காலர் தைக்கிற கஸ்தூரி எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அவள்தான் தன் டப்பாவை என் பக்கம் தள்ளி வைத்து, "எடுத்துக்கோக்கா, காரக்கொயம்பு" என்றாள். அதுவரை சிலோன் அக்காவாக இருந்த நான் அன்றிலிருந்து பௌர்ணமி அக்கா ஆனேன். அந்த ஒரு நாளால் எனக்கு இன்னொன்றும் போயிற்று. லீவே போடாமல் வந்த புதியவர்களை மட்டும் அந்த முறை நிரந்தரமாக்கினார்கள். நான் பின்னால் நின்றுவிட்டேன். எனக்கு அது கிடைக்க மேலும் இரண்டு தீபாவளி ஆயிற்று.

அங்கே நான் வேலை பார்த்ததும் இதே வேலைதான். கொழும்புக்கு வடக்கே இருந்த ஏற்றுமதி வலயத்தில், இதே மாதிரி நீளமான கொட்டகை, இதே மாதிரி வரிசை, இதே ஆண்கள் சட்டை. என் அம்மா தேயிலை மலையில் கொழுந்து பறித்தவள். நிறை குறைந்தால் அவளுக்கு அரைப் பேர்தான் போடுவார்கள், அதாவது பாதி நாள் கூலி. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, உட்கார்ந்து செய்கிற வேலையும் சம்பளச் சீட்டும் கிடைத்தபோது பெரிய உத்தியோகம் கிடைத்த மாதிரி இருந்தது. அங்கே கழிப்பறைக்குப் போக டோக்கன் வாங்க வேண்டும். வரிசைக்கு ஒரு டோக்கன்தான், போனவள் வந்தால்தான் அடுத்தவள் எழுந்திருக்கலாம். மிஷினில் பேச்சு கூடாது. ஆனால் ஓவர்டைமுக்கு ஒன்றரை மடங்கு உண்டு, போயாவில் வேலைக்குக் கூப்பிட்டால் அதற்கும் கூடுதல் உண்டு, சேமலாப நிதி, அதாவது அந்த ஊர் பி.எஃப்., முதல் மாதத்திலிருந்தே பிடிப்பார்கள். இங்கே டோக்கன் இல்லை. எழுந்து போகலாம், ஆனால் போனால் பல நாள் தண்ணீர் இருக்காது. கரண்ட் போனால் சும்மா இருந்த நேரத்தைச் சாயங்காலம் ஈடுகட்ட வேண்டும். ஓவர்டைம் ஒற்றைக் கூலிதான். பி.எஃப். நிரந்தரமானவர்களுக்கு மட்டும்.

சம்பளம் எவ்வளவு என்று அங்கிருந்து வருகிறவர்கள் கேட்கிறார்கள். இரண்டு நாட்டிலும் பெயர் ரூபாய்தான், மதிப்பு வேறு. அதனால் எண்ணைச் சொன்னால் தப்பாகத்தான் புரியும். இப்படிச் சொல்லலாம். அங்கே போர்டிங் அறைக்குக் கொடுத்து, அப்பாவுக்கு அனுப்பி, வருடத்துக்கு ஒரு சேலை எடுக்க மிஞ்சியது. இங்கே வாடகைக்கும் அரிசிக்கும் ரயில் சீசனுக்கும் சரியாகப் போய்விடுகிறது. சேலை தீபாவளி போனஸில்தான். அந்த போனஸுக்காக ஒவ்வொரு வருடமும் கேட்டில் நின்று சத்தம் போட வேண்டியிருக்கிறது. நான் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைப்பேன்.

ஆனால் சம்பளச் சீட்டில் எழுதாத சில விஷயங்களும் இருக்கின்றன. அங்கே எங்கள் போர்டிங்கில் எட்டுப் பேர் ஒரே அறையில் படுத்தோம். அவரவர் சோற்றுப் பார்சலை அவரவர் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டோம். எண்பத்து மூன்றில் தமிழர்களை அடித்த கலவரத்துக்குப் பிறகு என்னோடு பேசிய சிங்களப் பெண்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். இங்கே மத்தியானம் மணி அடித்ததும் பத்து டப்பா தரையில் வட்டமாகத் திறக்கும், யார் கை யார் டப்பாவில் என்று தெரியாது. முதல் மாதம் என் டப்பாவில் ஒருத்தி கையை விட்டபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்போது யாரும் கை விடாத நாளில் குழம்பு சரியில்லையோ என்று யோசிக்கிறேன். ஆனால் அந்த வட்டம் அரை மணி நேரம்தான். சாயங்காலம் ஒருத்தி கூடுவாஞ்சேரிக்கு, ஒருத்தி செங்கல்பட்டுக்கு, கஸ்தூரி பல்லாவரத்துக்கு. எல்லோரும் யாரோ காத்திருக்கிற வீட்டுக்கு ஓடுகிறார்கள். நான் பம்மலில் என் ஒற்றை அறைக்குப் போய், தோல் பதனிடும் ஷெட் வாடை வராமல் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ரேடியோ போடுகிறேன். வீட்டுக்காரம்மா ஒருநாள் கேட்டார்: "கேம்ப்ல உங்களுக்குத் துட்டு குடுக்கறாங்களாமே, நீ ஏம்மா வேலைக்குப் போய் கஷ்டப்படறே?" நாங்கள் அகதி கேம்ப் ஆட்கள் இல்லை, இந்தியப் பாஸ்போர்ட்டோடு முறையாகக் கப்பலில் வந்தவர்கள் என்று சொன்னேன். "எல்லாம் ஒண்ணுதானே" என்று சொல்லிவிட்டு மாவு அரைக்கப் போய்விட்டார்.

என் தங்கச்சி ராணி அங்கேதான் இருக்கிறாள். தோட்டத் தமிழர்களை இரண்டு நாடும் பங்கு போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில், அப்பா குடியுரிமைக்குப் போட்ட விண்ணப்பப்படி என் பெயர் இந்தியாப் பக்கம் விழுந்தது. அவள் சின்னம்மா வீட்டில் வளர்ந்தவள், அவர்கள் காகிதத்தில் அவள் பெயர் இலங்கைப் பக்கம் விழுந்தது. அப்பா என்னோடு வந்து, இரண்டாம் வருடம் காலமாகிவிட்டார். ராணி இப்போது நான் இருந்த அதே வலயத்தில் தைக்கிறாள். ரோட்டுச் சோதனையில் ராணுவத்திடம் அடையாள அட்டையை எடுத்து எடுத்துக் காட்டி அலுத்துவிட்டது, விசா எடுத்து வந்து உன்னோடு இருந்துவிடுகிறேன், பிறகு நடப்பது நடக்கட்டும் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா போனுக்குக் கூப்பிடுவதாகவும், இங்கே வேலை எப்படி என்று கேட்டுத்தான் முடிவு செய்யப் போவதாகவும் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை என் முகத்தைப் பார்த்தே கஸ்தூரி கேட்டாள்.

"இன்னாக்கா, மூஞ்சி தொங்கிகினு கீது?"

சொன்னேன்.

"இதுல இன்னா யோசன? சூப்பரா கீது, வாடின்னு சொல்லு. வந்துட்டா தானா பயகிப்பா. நான் பயகல?"

"நீ இங்கேயே பிறந்தவ கஸ்தூரி."

"பொறந்துட்டா மட்டும் மிஷின் தானா தெக்குதா? உன்கூட ஒரு ஆள் இருந்தா போதும்க்கா. நீ ரேடியோகூட பேசிக்கினு கீற."

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று வீட்டுக்குப் போனதும் நான் அறையைச் சுற்றிப் பார்த்தேன். இன்னொரு பாய் எங்கே விரிக்கலாம் என்று பார்த்தேன். இடம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரம்மா வீட்டில் எல்லோரும் டி.வி.யில் படம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சிலோன் போன்மா" என்று என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி படத்துக்குத் திரும்பிவிட்டார்கள்.

"அக்கா, உள்ளதச் சொல்லு. அங்க சம்பளம் எப்புடி?"

நாங்கள் இருவரும் இப்படித்தான். நீ தனியாக இருக்கிறாயா, பயமாக இருக்கிறதா என்று கேட்க எங்களுக்கு வராது. சம்பளம் கேட்பது சுலபம். நான் சொல்ல ஆரம்பித்தேன். ஓவர்டைம் ஒற்றைக் கூலி என்றேன். விசாவில் வருகிறவளை வளாகத்தின் கேட்டுக்குள் விட மாட்டார்கள், வெளியே சின்ன ஷெட்டுகளில் பீஸ் கணக்குக்குத்தான் தைக்க வேண்டும், அங்கே பி.எஃப். என்ற பேச்சே கிடையாது என்றேன். அவள் அங்கே விட்டுவிட்டு வருகிற பத்து வருட சர்வீஸ் இங்கே எதற்கும் ஆகாது என்றேன். இங்கேயும் அவள் போலீஸ் ஸ்டேஷனில் போய்ப் பதிய வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னேன். பௌர்ணமிக்கு லீவு இல்லை என்றதும் சிரித்தாள். டப்பா வட்டத்தைச் சொல்லலாமா என்று நினைத்தேன். அதைச் சொன்னால் வந்துவிடுவாள் என்று தோன்றியதால் சொல்லவில்லை. அவளுக்கு இது சரியான இடம் இல்லை என்று எனக்குத் தெரியும். எனக்கு அவள் வேண்டும் என்பது வேறு விஷயம்.

அவள் பேசுகிற கடையில் மீட்டர் ஓடுகிறதே என்று எனக்குப் பதற்றமாக இருந்தது.

"சரி அக்கா. நீ சொல்றதப் பாத்தா இங்கனயே இருக்கிறதுதான் நல்லது போல."

"ஆமா."

"இங்க நல்லதுன்னா, நீ என்னாத்துக்கு அங்க இருக்க? நீ வந்துரேன்."

அந்த நேரம் பார்த்து மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று தாழ்வாகப் போனது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. டி.வி.யில் யாரோ அழுதுகொண்டிருந்தது வாயசைப்பு மட்டுமாக ஆனது. ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்தச் சத்தம் கடல் பக்கம் போய்த் தேய்கிறவரை நின்றேன். அவளும் அங்கே காத்திருந்தாள்.

"என்னா அக்கா சொன்ன? கேக்கல" என்றாள்.

நான் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.