காட்டுப் பாதையில் ஒரு மூட்டை லத்தி

பத்தாவதோடு பள்ளியை விட்டவன் எழுத வந்துவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமீரகத்தில், அல் ஐன் நகருக்குப் போகும் வழியில், அரசாங்கம் வளர்க்கும் மரக்காட்டோரம் எங்கள் வேன் டயர் மாற்ற நிற்கிறது. பக்கத்துக் குதிரை லாயத்தில் வேலை பார்க்கும் தூத்துக்குடிக்காரர் செல்வராஜ், மூட்டையிலிருந்து குதிரை லத்தியை அள்ளிக் காட்டுப் பாதையில் போட்டுக்கொண்டிருக்கிறார். கூச்சத்தை விட்டு, எதற்கு என்று கேட்கிறேன்.

"இந்த வெயில்ல ரெண்டு மாசமா குதிரைய வெளிய விடல அண்ணாச்சி. நாளைக்கு ஆபீசர் வாராரு. குதிரை வராத பாதைன்னு தெரிஞ்சா வேலி போட்டுருவாராம். அப்புறம் லாரி போற ரோட்டுலதான் சவாரி. குதிரை மிரண்டா யாரு பொறுப்பு?"

நானும் ஒரு மூட்டையைத் தூக்கி, ஒரே குவியலாகக் கொட்டுகிறேன்.

"அய்யய்யோ! குதிரை என்ன, உக்காந்தா போகும்? நடந்துக்கிட்டேல்லா போடும்! தள்ளித் தள்ளிப் போடுங்க அண்ணாச்சி."

டயர் மாற்றி முடியும்வரை, நடந்துகொண்டே போடுகிறேன். டிரைவர் ஹாரன் அடித்துச் சிரிக்கிறார்.

மறுநாள் அதே வழியில் திரும்பினோம். வேலி போடவில்லை. பாதையைச் சுத்தமாக வைக்கும்படி ஆபீசர் சொல்லிவிட்டுப் போனாராம். செல்வராஜ் லத்தியை அள்ளிக்கொண்டிருந்தார்.