வியாழனின் சந்திரனில் இறங்கியவர்கள்

என் வீட்டுக்காரர் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் உட்கார்ந்து நாவல் எழுதுவார். வியாழனைச் சுற்றும் சந்திரன் ஒன்றில், ஆகாயக் கப்பல் பழுதாகி இறங்கிவிட்ட முப்பது பேரின் கதை. அட கடவுளே, பூமியில் கதைக்கா பஞ்சம்! அவர் கையெழுத்து கோழிக் கிறுக்கல். அதனால் அச்சுக்கு அனுப்புவதற்கு நான்தான் பிரதி எடுக்க வேண்டும். மிஷன் பள்ளியில் படித்ததற்கு எனக்கு அந்தத் தண்டனை.

எனக்கோ வேறு கவலை. மகளுக்கு நாலு வயது முடிந்தும் முதல் மொட்டை போடவில்லை. அதை ஊரில் குலசாமி கோயிலில்தான் போட வேண்டும். அதுவரை தலையில் கத்தி படக் கூடாது. பிள்ளைக்குத் தலை முழுக்கச் சிக்கும் பேனும். பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை; பண்டாரவளையில் ரயிலேறி, கொழும்பில் கப்பல் பிடித்தால் தூத்துக்குடி. "வர்ற தையில போவோம்" என்றே மூன்று தை ஓட்டிவிட்டார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்குவேன், எடுப்பேன், மறுபடி அடுக்குவேன்.

ஒன்பதாம் அத்தியாயத்தில் என் கை நின்றுவிட்டது. முப்பது பேரும் கூடிப் பேசி, கப்பலை உடைத்து அந்த இரும்பில் மண்வெட்டி அடிக்கிறார்கள். கிழங்கு நடுகிறார்கள். பாட்டு வேறு பாடுகிறார்கள்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே கடைக்குள் போனேன்.

"கப்பல ஒடைச்சா எப்படிங்க திரும்பிப் போவாங்க?"

"போக மாட்டாங்க. அங்கேயே இருந்துக்குவாங்க."

"ஒரு பொம்பளகூட அழலியே, ஏன்?"

"கதைதானே, விடேன்."

விடுவேனா? பிரதியில் நானே ஒருத்தியைச் சேர்த்தேன். இடுப்பில் பிள்ளையோடு தலைவன் முன்னால் போய் நின்று, "எங்கள எப்ப ஊருக்குக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று கேட்கிறாள்.

மறுநாள் அவர் அதைப் படித்தார். தாளை மடித்து வைத்தார். பிறகு, "நான் ஊருக்குப் போக முடியாது," என்றார். "போன வருசம் சரக்கெடுக்கப் போனேன்ல? அப்ப வீட்டுப் பங்கு விசயமா அண்ணனோட பேச்சு முத்திப்போச்சு. இனி இந்த மண்ண மிதிக்க மாட்டேன்னு சாமி முன்னாலயே சூடத்த அணைச்சு சத்தியம் பண்ணிட்டேன்."

"எந்தச் சாமி?"

"நம்ம குலசாமிதான்."

"பாவி மனுசா! பிள்ளைக்கு முடி எறக்க வேண்டிய எடத்துலயா?" என்று கத்தினேன். கடைக்கு வந்தவர்கள் அப்படியே திரும்பிப் போனார்கள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை, சாப்பிடவும் பிடிக்கவில்லை. அவரை விட்டுவிட்டு நான் மட்டும் போகலாமா என்றுகூட யோசித்தேன். தகப்பன் இல்லாமல் அந்தக் கோயிலில் யார் வந்து நிற்பார்கள்?

மூன்றாம் நாள் காலையில் நானே நாவிதரைப் பதுளைப் பிள்ளையார் கோயிலுக்கு வரச் சொன்னேன். தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் முடி எடுப்பார்கள். என் தம்பி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தான். மகளை என் மடியிலேயே உட்காரவைத்தேன். இவர் தூணோரம் தலை குனிந்து நின்றார். முதல் கொத்து விழுந்ததும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. கோயிலென்றும் பாராமல் ஓவென்று அழுதேன்.

பாதி மழித்த தலையோடு பிள்ளை திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, எனக்கு வலிக்கல. ஒனக்கா வலிக்குது?" என்றாள்.

ஆமாம் என்றேன்.