சந்தனத்துக்கு அடியில் ஒரு விளக்கு

கனடாவின் சஸ்காட்சுவானில் குளிர்காலம் வந்துவிட்டால், காலையில் வேலைக்குக் கிளம்புவதற்கு நான் ஒரு சின்ன விளக்கிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது. என் பிக்கப் வண்டியின் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒரு வட்டத் திருகு இருக்கிறது. சாதாரணமாக வண்டியைப் பின்சக்கரங்கள்தான் தள்ளும். திருகை ‘ஃபோர் ஹை’ பக்கம் திருப்பினால் முன்சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். ஆனால் திருப்பிய உடனே அல்ல. மீட்டரில் பச்சை நிறத்தில் ஒரு குட்டி வண்டிப் படம் மினுக்கத் தொடங்கும். திருப்பியது என் கை; அடியில் பற்சக்கரம் போய்ப் பிடித்ததா என்பது எனக்குத் தெரியாது. பிடித்துவிட்டது என்று உள்ளேயிருந்து தகவல் வந்த பிறகுதான் பச்சை மினுக்காமல் நின்று எரியும். அதுவரை நான் உட்கார்ந்திருக்க வேண்டும். சிக்னலில் சிவப்பு மாறுவதற்குள் பாதி வண்டியை முன்னால் தள்ளி நிற்கிற ஊரில் வளர்ந்தவனுக்கு இது என்ன பாடு என்று ஊரில் இருக்கிற உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. வண்டி வாங்கிய புதிதில், நாலு சக்கரமும் இழுத்தால் நல்லதுதானே, அதை எதற்கு அணைப்பானேன் என்று குளிர்காலம் முழுக்க ஃபோரிலேயே ஓட்டினேன். பனி உருகிச் சாலை காய்ந்தும் விடவில்லை. கடை வாசலில் வண்டியை ஒடித்துத் திருப்பும்போதெல்லாம் அது முயல் மாதிரி துள்ளியது. பக்கத்து வீட்டு டெப்ரா பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஒருநாள் என் கண்ணாடியைத் தட்டி, “ஆர் யூ ஸ்டில் இன் ஃபோர்?” என்றாள். இந்த ஊருக்கு வந்து நாலு வருஷம்தானா என்று கேட்கிறாளாக்கும் என்று நினைத்து, “நோ, சிக்ஸ்” என்றேன். என்னைப் பார்த்தாள், மீட்டரைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு மெனக்கெட்டு விளக்கினாள். திரும்பும்போது முன்சக்கரம் போகிற தூரம் வேறு, பின்சக்கரம் போகிற தூரம் வேறு. ஃபோரில் இரண்டையும் ஒன்றாகப் பூட்டியிருக்கிறோம். பனியிலும் சேற்றிலும் சக்கரம் லேசாக வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த சாலையில் வழுக்க இடமில்லை. அதனால் வண்டிக்குள்ளேயே முறுக்கு ஏறிக்கொண்டே போகும். விட்டுவைத்தால் ஏதாவது ஒன்று உடையும்.

போன ஆவணியில் மதுரைக்குப் போனேன். கே.கே. நகர் வீட்டில் அம்மா தனியாக இருக்கிறாள். அப்பா போன பிறகு நன்றாகத்தான் சமாளித்தாள். ஆனால் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பில் கட்டுப்போட்டுப் படுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இங்கே ஒரு வேலையும் ஓடவில்லை. அம்மாவுக்கு விசா வாங்கிவிட்டேன். கூட்டிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவு. என் முடிவு. அம்மா மட்டும் ‘பார்ப்போம்’ என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெட்டியைக் கட்டு என்றால் “பாப்பம்யா.” ஸ்வெட்டர் வாங்கவா என்றால் “பாப்பம்யா.” கனடாவுக்குக் கிளம்ப நாலே நாள் இருக்கும்போதும் அதே பாட்டு. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. பின்கட்டுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். “தரை தேயுதுடா” என்றாள்.

கிளம்பும் முன் அழகர்கோவிலுக்குப் போய்விட்டு வரவேண்டும் என்று அம்மா கேட்டபோது, சரி, இது வரச் சம்மதம் சொல்கிற அறிகுறி என்று நானாக நினைத்துக்கொண்டேன். ரபீக் தன் வண்டியில் அழைத்துப் போனான். ரபீக் என்னோடு பள்ளியில் படித்தவன், கோரிப்பாளையத்தில் மின்சாமான் கடை வைத்திருக்கிறான். அம்மா விழுந்தபோது ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவனும் அவன்தான். புதிதாக ஒரு பழைய ஜீப் வாங்கியிருந்தான், நாலு சக்கரமும் இழுக்கிறது. “கனடாவுல மட்டுந்தேன் இருக்கோ? நம்மகிட்டயும் இருக்கு மாப்ள” என்று ஒரே அலட்டல்.

முந்தின நாள் மழையில் கோவிலுக்குப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிற மைதானம் சொதசொதவென்று கிடந்தது. சாமி கும்பிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் ஜீப்பின் பின்சக்கரம் பாதி சேற்றுக்குள். ரபீக்குக்கு முகமெல்லாம் பல். இதற்காகவே காத்திருந்தவன் மாதிரி திருகைத் திருப்பினான். பச்சை மினுக்கியது, நின்று எரிந்தது, வண்டி முக்கி முனகி மேலே ஏறிவிட்டது. “அம்மா, இந்தா எரியுது பாருங்க, இந்த லைட்டுதேன் நம்மளக் காப்பாத்துச்சு” என்று காட்டினான்.

அம்மாவின் வழக்கம் ஒன்று உண்டு. கோவில் பிரசாதத்தைத் தான் ஏறுகிற எந்த வண்டிக்கும் வைக்காமல் விடமாட்டாள். ஆட்டோவானாலும் சரி, வாடகைக் காரானாலும் சரி. ரபீக்கின் முதல் ஸ்கூட்டருக்குப் பொட்டு வைத்தவளும் அவள்தான். அவன் வீட்டில் அதற்கு ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை. முன்சீட்டில் இருந்தவள் இலையில் மடித்திருந்த கருப்பசாமி சந்தனத்தை எடுத்தாள். “காப்பாத்துனதுக்கு ஒரு பொட்டு வைக்க வேணாமா?” என்று எட்டி, சரியாக அந்தப் பச்சை விளக்கின் மேலேயே கட்டைவிரல் அகலத்துக்கு அப்பினாள். “வைங்கம்மா, நல்லா வைங்க” என்றான் ரபீக். நான் பின்சீட்டில் விமான டிக்கெட்டைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது அது ஒன்றுமாகப் படவில்லை.

வழியெல்லாம் சாலை காய்ந்து கிடந்தது. நேர்ச்சாலையில் வண்டி ஒழுங்காகத்தான் போனது. நான்தான் ஒழுங்காக இல்லை. அங்கே வீட்டுக்குள் குளிரே தெரியாதும்மா, தமிழ்க் கடை இருக்கும்மா என்று அம்மாவின் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டே வந்தேன். அவள் வெளியே வயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரபீக் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. கோரிப்பாளையம் சந்திப்பில் அவன் தெருவுக்குள் ஒடித்துத் திரும்பியபோது வண்டி ஒரு துள்ளு துள்ளியது. சக்கரம் கிறீச்சென்றது. இன்னொரு துள்ளு. இடுப்பைப் பிடித்துக்கொண்டு “யாத்தே!” என்றாள் அம்மா.

“மாப்ள, கியர்பாக்ஸ் போச்சு! வாங்குன கையோட போச்சு!” என்று ரபீக் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

அந்தத் துள்ளல் எனக்குத் தெரியும். கடல் தாண்டிப் போய் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயமே அது ஒன்றுதான். எக்கிச் சந்தனத்தை விரலால் வழித்தேன். அடியில் பச்சை ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

“ஃபோர்லயே வந்திருக்கோம்டா! டூவுக்குத் திருப்பு!”

திருப்பினான். விளக்கு அணையவில்லை, மினுக்கியது. மினுக்கிக்கொண்டே இருந்தது. முறுக்கு ஏறியிருப்பதால் பற்சக்கரம் விட மறுக்கிறது. சக்கரத்தை நேராக்கிக் கொஞ்சம் பின்னால் போனால் முறுக்குத் தளர்ந்து விட்டுவிடும் என்றேன். கோரிப்பாளையத்தில், மத்தியான நெரிசலில், பின்னால்! எங்கள் பின்னால் ஒரு ஆட்டோ, அதன் பின்னால் டவுன் பஸ். ஹாரன் காதைக் கிழித்தது. ஆட்டோக்காரர் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். “அண்ணே, பேசண்டா? முன்னாடியே சொல்லப்படாதா?” என்று, நாங்கள் ஒன்றும் சொல்லாமலே, அம்மாவைப் பார்த்துத் தானாக முடிவுகட்டி, ஆட்டோவை ஓரம் தள்ளிவிட்டு, பஸ்ஸை நிறுத்தப் போய்விட்டார்.

அதுவரை அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: “இது ஏன்டா இப்புடி மினுக்குது?”

“விடச் சொல்லியாச்சும்மா. அது இன்னும் விடல.”

“அப்ப வண்டி இப்ப நாலுல இருக்கா, ரெண்டுல இருக்கா?”

“ரெண்டுலயும் இல்லம்மா.”

அம்மா சீட்டில் இருந்தபடியே மெல்ல என் பக்கம் திரும்பினாள். இடுப்பு வலி முகத்தில் தெரிந்தது.

“நீ வந்து இறங்குன நாள்லருந்து பாக்குறேன். ஒரு எடத்துல உக்காரல. அந்த ஊரு மணி பாக்குற, இந்த ஊரு மணி பாக்குற. தின்னுக்கிட்டே போன நோண்டுற. அங்க இருக்கும்போது என்னைய நெனைச்சுக்கிட்டு இப்புடித்தேன் இருப்ப. எனக்குத் தெரியாதா? நான் வரலய்யா. ஒரு வீட்ல ஒருத்தர் மினுக்குனாப் போதும்.”

“வாங்க, வாங்க, வாங்க, நேரா வாங்க!” என்று ஆட்டோக்காரர் பின்னால் பஸ்ஸைத் தட்டிக் கத்தினார். ரபீக் வண்டியைப் பின்னால் எடுத்தான். அடியில் ‘டொக்’ என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்தது. ரபீக் “அல்லாவே!” என்று மூச்சுவிட்டான். எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. விசா, டிக்கெட், மெத்தையெல்லாம் வாங்கிப் போட்டுத் தயாராக வைத்திருந்த அறை, எல்லாம் கண் முன்னால் வந்தன. ரபீக் வீட்டுச் சாப்பாட்டில் கை வைக்க முடியவில்லை. ரபீக்கின் அம்மாவும் என் அம்மாவும் மட்டும் மூட்டுவலித் தைலத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அங்கே எவ்வளவு நிம்மதியாக இருந்தாள் என்பதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஆறவில்லை. இப்போதும் ஆறவில்லை.

தனியாகத் திரும்பி வந்தேன். கிளம்பும்போது அம்மா அந்தச் சந்தனத்தில் கொஞ்சம் காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். “உன் வண்டிக்கு. லைட்டு மேல வச்சிராத.” விளக்குக்குச் சற்றுத் தள்ளி வைத்தேன். டெப்ரா ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, கடுகுச் சாஸ் சிந்திவிட்டது என்று நினைத்துத் துடைக்க டிஷ்யூ நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன்.

இன்று காலை கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை. எனக்கு விடிந்தால் அம்மாவுக்குச் சாயங்காலம், விளக்கேற்றிவிட்டுக் கூப்பிடுவாள். கனடாவைப் பற்றி அவள் கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்றுதான். திருகைத் திருப்பியிருந்தேன். காய்ந்து வெடித்த பொட்டுக்குப் பக்கத்தில் பச்சை மினுக்கிக்கொண்டிருந்தது.

“நின்னுருச்சாய்யா?”

“இன்னும் இல்லம்மா.”

“அவசரப்படாத. நிக்கட்டும். நான் லைன்லதேன் இருக்கேன்.”