அண்ணன் கடைசியாகப் பிரித்த பட்டறை

எங்கள் அண்ணனைப் பொய்யராக்கியது, டெல்லியில் உட்கார்ந்து வெங்காய ஏற்றுமதிக்குத் தடை எழுதியவர்கள்தான். வடக்கே பெரிய வெங்காயம் விலை ஏறியது. அதற்காக இங்கே விளையும் சின்ன வெங்காயத்தையும் சேர்த்துத் தடுத்தார்கள். இரண்டும் வேறு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா, சொன்னதை அவர்கள் கேட்கவில்லையா, எனக்குத் தெரியாது.

அண்ணன் வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு கூலிக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா இறந்ததும் பள்ளியை விட்டார். என்னைப் படிக்க வைத்தார், கட்டிக்கொடுத்தார். கணவரை இழந்து நான் திரும்பி வந்தபோது ஒரு கேள்வி கேட்காமல் சேர்த்துக்கொண்டார். அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. எங்கள் குடும்பத்தில் முதலில் சொந்த நிலம் வாங்கியவர் அவர்தான். கோபம் வந்தால் சாப்பிட மாட்டார். எனக்குப் புகழ்ந்து எழுதத் தெரிந்தது இவ்வளவுதான்.

லப்பைக்குடிக்காட்டு பாய் ஒருவர் எங்கள் வெங்காயத்தை மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் அனுப்பிவந்தார். மருந்து அதிகம் அடித்த சரக்கை அங்கே திருப்பிவிடுவார்கள். அதனால் அண்ணன் மருந்தைக் குறைத்து வேப்பம்புண்ணாக்குக்கு மாறினார். குழு சேர்த்து, ஊரில் வெங்காயம் போட்ட உங்களையும் மாற்றினார். மண் இளகியது, மண்புழு வந்தது என்று நீங்களே சொன்னீர்கள்.

அந்த வருஷம் அறுவடையின்போது உள்ளூரிலேயே நல்ல விலை. “விக்காதீங்க, பட்டறை போடுங்க. பாய் எடுத்துக்குவாரு, நான் சொல்றேன்ல” என்றார் அண்ணன். அவர் சொல்லை நம்பி, வெங்காயத்தைத் தாளோடு அடுக்கி, காற்றுப் புகும்படி படல் கட்டி, கீற்றால் மூடி, வயலிலேயே பட்டறை போட்டீர்கள். பிறகு தடை வந்தது.

பாய் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். முகத்தில் உயிரே இல்லை.

“பட்டறையப் பிரிச்சுடுங்கண்ணே. கப்பல் ஏறாது.”

“வெல ஏறுனது பெரிய வெங்காயந்தானே பாய்?”

“அங்க ரெண்டும் ஒண்ணுதாண்ணே. நம்மள யாரு கேக்குறா?”

ஊரே ஒன்றாகப் பிரித்ததும் சந்தையில் விலை விழுந்தது. மழையும் பிடித்துக்கொண்டது. பாய் பேசிப் பிடித்த லாரிகளில் உங்கள் சரக்கை முதலில் ஏற்றச் சொன்னார் அண்ணன். குழுவைக் கூட்டியவன் பட்டறை கடைசியில்தான் பிரிய வேண்டும் என்பது அவரே வைத்த வழக்கம். உங்களுக்கு நட்டம், மறுக்கவில்லை. அவருடையதைப் பிரித்தபோது எல்லாம் முளைவிட்டு அழுகிக் கிடந்தது. ஒரு மூட்டைகூடத் தேறவில்லை. வெளியே சொல்லாதே என்றார். இப்போது சொல்கிறேன்.

அதற்குப் பிறகும் டீக்கடைக்குப் போனார். உங்களில் ஒருவர் கிண்டலாகக் கத்தினார்.

“ஃபாரின்காரரு வர்றாரு, பெஞ்ச காலி பண்ணுங்கடா!”

அண்ணனும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாராம். நீங்கள் நிஜமாகவே எழுந்து போனீர்கள். மறுநாளிலிருந்து வீட்டிலேயே டீ போடச் சொன்னார். வாசலைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். வண்டிச் சத்தம் கேட்டால் எழுந்திருப்பார். பாய் வண்டியைத் தவிர எதுவும் நிற்காது. தடை நீங்கிய பிறகு வீடு வீடாகப் போய்க் குழுவுக்குக் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. இன்று ஊர் முழுக்க மக்காச்சோளம், பழையபடி மருந்து.

மூச்சுத் திணறலோடு பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னிடம் கேட்டார்.

“குழுவுல யாராச்சும் வந்தாங்களா?”

“யாரும் வரலண்ணே.”

“சோளக்கருது ஒடிக்கிற நேரம்ல. வேல இருக்கும்.”

அவர் கடைசியாகப் பேசியது அதுதான்.

தன் நட்டத்தோடும் வாரம் தவறாமல் வந்து பார்த்த, கடைசியில் தோள் கொடுத்த பாய்க்கு நன்றி. அண்ணனுக்கு முகம் கழுவித் தலை வாரிவிட்ட நர்சம்மாவுக்கு நன்றி. வேறு யாருக்கும் சொல்ல நன்றி இல்லை.

டெல்லிக்காரர்களுக்கு இந்த நினைவு மலர் போய்ச் சேராது. நீங்கள் எதிரிலேயே இருக்கிறீர்கள். முதலாம் ஆண்டுச் சாப்பாட்டுக்கு இலை போட்டாயிற்று. குழுவில் இருந்த ஒவ்வொருவரும், கை நனைக்கும் முன், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்: அண்ணன் உங்களை ஏமாற்றினாரா?