பன்மை வாத்தியாரின் மேசை

எங்கள் தெருவில் அவருக்குப் பன்மை வாத்தியார் என்று பெயர். வைத்தவள் நான்தான். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தபோது, மேலாளர் எழுதிய கடிதத்தில் கொக்கி இடம் மாறிவிட்டது என்று நாலு பேர் முன்னால் சிரித்து வேலையைத் தொலைத்த மேதை. கொக்கி என்றால், ஆங்கிலத்தில் ஒரு பொருள் இன்னாருடையது என்று காட்ட எழுத்துக்கு மேலே போடும் சின்னக் குறி. அன்றிலிருந்து மாடி அறையில் பிள்ளைகளுக்கு ஆங்கில இலக்கணம் நடத்துகிறார்.

தொட்டுப் பார்த்துப் படித்தால்தான் பெயர்ச்சொல் மண்டையில் ஏறும் என்பது அவர் கொள்கை. ஒருமைக்கு வீட்டிலிருந்து ஒரு பொருள், பன்மைக்கு இரண்டு, உடைமைக்கு அப்பாவுடையதோ அம்மாவுடையதோ கொண்டுவர வேண்டும். பாடம் வீட்டுக்குத் திரும்பும். பொருள் திரும்பாது. குடைகள், தண்ணீர் பாட்டில்கள், யாரோ ஒரு அப்பாவின் டார்ச் என்று அவர் மேசை சந்தைக்கடை மாதிரி இருக்கும். கேட்கப் போகிறவர்களிடம் ஆங்கிலத்தில் நாலு வரி எடுத்துவிடுவார். அவர்களும் தலையாட்டிவிட்டு வெறுங்கையோடு இறங்கி வருவார்கள். மானம் கெட்ட தெரு.

என் அக்கா தையல்காரி, இடது கைக்காரி. அவள் கத்தரிக்கோல் இடது கைக்கென்றே செய்தது. அவசரத்துக்குக் கடையில் கிடைக்காது. அன்று ஆஸ்பத்திரி நர்சுகளின் சீருடைத் துணி விரித்துக் கிடக்கிறது, மறுநாள் கொடுத்தாக வேண்டும், கத்தரியைக் காணோம். என்னுடையதை வைத்து வெட்டிப் பார்த்தாள். துணி மடிந்து மடிந்து சிக்கியது. இந்த ஆர்டர் தவறினால் ஆஸ்பத்திரிக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பள்ளிவிட்டு வந்த அவள் மகள் சாவகாசமாகச் சொன்னாள்: "சார்தான்மா கேட்டாரு. சிஸர்ஸுக்கு ஒருமையே கிடையாதாம். நேத்தே கொண்டுபோய்க் குடுத்துட்டேன்."

மூன்று பேரும் மாடிப்படி ஏறினோம். வகுப்பு நடந்துகொண்டிருந்தது.

"சார், என் கத்தரியக் குடுங்க. வேலை நிக்குது," என்றாள் அக்கா.

"அது டீச்சிங் எய்டும்மா. அடுத்த பேட்சுக்கு வேணும். நீங்க வேற ஒண்ணு வாங்கிக்கலாமே?"

எனக்கு உச்சந்தலை வரை எரிந்தது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் கையை அழுத்தினாள்.

"சரிங்க சார். புள்ளைங்க என்ன கத்துக்கிட்டாங்கன்னு பாத்துட்டுப் போறேன்." பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "கண்ணுங்களா, அவங்கவங்க கொண்டுவந்ததக் கையில எடுத்து, யாரோடதுன்னு இங்கிலீஷ்ல சொல்லுங்க."

வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். முதல் வரிசைப் பையன் குடையைத் தூக்கி, "மை மதர் அம்பர்லா," என்றான்.

"மதர்'ஸ்! மதர்'ஸ் அம்பர்லா! கொக்கியை முழுங்காதே," என்று திருத்தினார். அவன் ஒழுங்காகச் சொல்லிவிட்டுக் குடையைப் பைக்குள் வைத்துக்கொண்டான். ஃபாதர்'ஸ் டார்ச் போனது. பாட்டில்கள் போயின. அவரும் ஒவ்வொன்றுக்கும் "குட், குட்" என்றார். பாதி மேசை காலியான பிறகுதான் அந்த மூளைக்கு உறைத்தது. எது யாருடையது என்று அவர் வாயாலேயே திருத்திக் கொடுத்தாயிற்று. திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றார்.

அக்கா மகள் கடைசியாக வந்தாள். "மை மதர்'ஸ் சிஸர்ஸ்." பிழையே இல்லை. அக்கா வாங்கி, காற்றில் ஒருமுறை வெட்டிப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

சீருடைகள் மறுநாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சாயங்காலம் வகுப்பு முடிந்து வந்த அக்கா மகளிடம், "இன்னிக்கு என்னடி கொண்டுவரச் சொன்னாரு உங்க சார்?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல சித்தி. இனிமே வினைச்சொல்தான் நடத்தப் போறாராம்."