மதியம் தூங்கும் கடைத்தெரு

அமெரிக்காவிலிருந்து புனேக்கு வந்து இறங்கியதிலிருந்து என் மகன் பகலெல்லாம் தூங்குகிறான், இரவெல்லாம் கொட்டமடிக்கிறான். பகலில் வெளிச்சத்திலும் சத்தத்திலும் வைத்திருந்தால் சரியாகிவிடும் என்கிறது குழந்தை வளர்ப்புப் புத்தகம். அதனால் சாப்பிட்ட கையோடு அவனைத் தூக்கிக்கொண்டு, நாங்கள் தங்கியிருக்கும் மகர்பட்டாவிலிருந்து ஆட்டோ பிடித்துப் பழைய கடைத்தெருவுக்கு வந்திருக்கிறேன்.

தெருவே மூடிக் கிடக்கிறது. கடைக்குக் கடை ஒரே பலகை: ஒன்று முதல் நாலு வரை கடை இல்லை. என்னை இறக்கிவிட்ட ஆட்டோக்காரர்கூடப் பின்சீட்டில் காலை நீட்டிவிட்டார். மகனின் தலை என் தோளில் சாய்கிறது.

வளையல் கடைக்கார அம்மா ஷட்டரை இழுக்கிறார். எனக்குத் தெரிந்த இந்தியில் கெஞ்சுகிறேன்.

"கொஞ்ச நேரம் திறந்து வையுங்க ஆன்ட்டி. இவன் தூங்கக் கூடாது."

"நான் தூங்கணுமே."

"ராத்திரி முழுக்க முழிச்சிருக்கான்."

"அதுக்கு ஊரையே எழுப்புவியா? அவனை இங்கே குடு. உன் மூஞ்சிதான் தூங்கி வழியுது."

அவனை வாங்கிக்கொண்டு கடைப்படியில் உட்கார்ந்து, ஒரு சரம் வளையலை அவன் கையில் கொடுக்கிறார். அதை ஆட்டியதும் அவன் கண் விரிகிறது. முன்பின் தெரியாதவரிடம் பிள்ளையைக் கொடுக்கலாமா, புத்தகம் என்ன சொல்கிறது என்று யோசித்தபடியே அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாய்கிறேன்.

பக்கத்துக் கடை ஷட்டர் ஏறும் சத்தத்தில் விழிக்கிறேன். தெரு இரைகிறது. மகன் அவர் மடியில் இன்னும் வளையலை ஆட்டிக்கொண்டிருக்கிறான். தூக்கம் போன கடைக்கார அம்மா என்னை முறைக்கிறார்.

இன்றிரவு இவன் தூங்கிவிடுவான். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கப்போவது நான்தான்.